தெருநாய் ஒழிப்புப் போராட்டம், 1991

நெடும்பாறை உள்ளூர்க் கமிட்டியின் முதல் கூட்டம் நடந்த 1957-ஆம் வருடத்தில் தோழர் சாத்துக்குட்டிக்கு வயது பதினொன்று. வல்சலா விரல்விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பிரிஜேஷிடம் சொன்னாள். பிரிஜேஷ் கமிட்டிச் செயலாளர். முப்பத்தெட்டு வயது, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, காதோடு ஒட்டிப் பிறந்தது போல ஒரு போன். கட்சி ஆபீஸுக்குப் பக்கத்து மனையில் கட்டி முடித்திருக்கும் புதுக் கட்டடத்துக்கு 'சாத்துக்குட்டி நினைவு மண்டபம்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. மேலிடத்திலிருந்து தலைவர்கள் வந்து ஞாயிற்றுக்கிழமை திறந்துவைக்கிறார்கள். அன்றைக்கே வல்சலா எழுதிய உள்ளூர்க் கட்சி வரலாறும் மலராக வெளியாகிறது. மண்டபத்துக்குப் பெயர் கொடுத்த மனிதர் முதல் கூட்டத்திலேயே இல்லை என்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவன் கவலை.

"பதினொரு வயசுப் பையன் கமிட்டிக் கூட்டத்துல என்ன பண்ணியிருப்பான் பிரிஜேஷ்? சாயா வாங்கத்தான் போயிருப்பான்" என்றாள் வல்சலா.

"அப்ப சாயா வாங்கிட்டு வந்தார்னு எழுதுங்க சேச்சி. வந்தது வந்ததுதானே."

வல்சலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே 'தோழர் சாத்துக்குட்டியும் உடனிருந்தார்' என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பியும்விட்டாள். அப்போது அவளுக்கு மனசாட்சி ஒன்றும் குத்தவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன விஷயம், செத்துப்போன மனிதர், திறப்பு விழா நேரம். இப்படி ஒன்றிரண்டு வரி அங்கங்கே சேராத வரலாறு எந்த ஊரில் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கட்சியின் பழைய மினிட்ஸ் புத்தகங்கள் நாற்பத்து மூன்றும் வாசகசாலையின் இரும்பு அலமாரியில் இருந்தன. சாயாக்கடைக்கு மேலே மாடியில் வாசகசாலை. அதற்கு நூலகர் வல்சலா. 1988-லிருந்து கமிட்டிக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவதும் அவள்தான். அடித்தல் திருத்தல் இல்லாத உருண்டைக் கையெழுத்து. ஜில்லாக் கமிட்டியிலிருந்து வருகிறவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இது அச்சா கையெழுத்தா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். போன கூட்டத்தின் குறிப்பை அவள் எழுந்து நின்று வாசிப்பாள். திருத்தம் உண்டா என்று செயலாளர் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து விழும். முப்பத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவை ஒரு தோழர் எழுந்து, தன்னை 'வரவில்லை' என்று எழுதியிருப்பதை 'விடுப்பு' என்று மாற்றக் கேட்டார். அதற்கே அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அதன் பிறகு திருத்தம் என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

இந்தப் புத்தகங்களைத்தான் பிரிஜேஷ் மே மாதம் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் சும்மா இருக்கவில்லை. தினம் ஒரு பக்கத்தைப் போனில் படமெடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட ஆரம்பித்தான். நானூறு பேர் இருக்கிற குழு. கீழே சிவப்பு இதயங்களும் தூக்கிய முஷ்டிகளுமாகக் குவிந்தன. அதில் நன்றாக 'ஓடிய' பதினெட்டுப் பக்கங்களைத் தலச்சேரியில் கொடுத்து ஆள் உயரத்துக்குப் பிளெக்ஸ் அடிக்கவும் ஏற்பாடு செய்துவிட்டான். மண்டபத்துச் சுவரெல்லாம் வரலாறு. படம் எடுத்தவன் மேல்பாதியை மட்டும் படித்தான், கீழ்ப்பாதியைப் படிக்கவில்லை. இதயம் போட்டவர்களும் அப்படித்தான். படித்தது ஒரே ஒருத்தி. அவள் மங்கலாபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

செவ்வாய்க்கிழமை காலையில் வல்சலா நாளிதழ்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, கனமான காலடி. திரும்பிப் பார்த்தால் கௌசு. கௌசல்யா என்பது கட்சிப் புத்தகத்தில் இருந்த பெயர். ஊருக்கு அவள் கௌசு. செம்பாறைக் குவாரியில் பத்திருபது வருடம் கல் சுமந்து தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோளாகிவிட்ட பெண். வல்சலாவைவிட இரண்டு வயது சின்னவள். பள்ளிக்கூடத்துக்கு ஒரே வழியாக நடந்து போனவர்கள். கடைவீதியில் எதிர்ப்பட்டால் வல்சலா பார்வையைக் காய்கறிக்குத் திருப்பிக்கொள்வாள், கௌசு திருப்பிக்கொள்ள மாட்டாள். முப்பத்து மூன்று வருடமாக அவள் இந்த மாடிப்படியை மிதித்ததில்லை.

கௌசு உட்காரவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து, தேய்த்து, நீட்டினாள்.

"உன் கையெழுத்து அப்படியேதான் இருக்கு. படி."

வல்சலா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். 1991, ஆகஸ்ட் நாலாம் தேதிக் கூட்டம். தலைமை தோழர் சாத்துக்குட்டி. மேலே தெருநாய் ஒழிப்புப் போராட்டத்தின் வெற்றி விவரம். கீழே நாலாவது பொருள்: 'தோழர் கௌசல்யா தன் தவறை உணர்ந்து சுயவிமர்சனம் செய்துகொண்டார். விசாரணைக் குழுவின் அறிக்கை ஏற்கப்பட்டது.' அதற்கும் கீழே விசாரணைக் குழு என்று இரண்டு கையெழுத்துகள். ஒன்று மூத்த தோழர் குஞ்ஞம்புவுடையது. இன்னொன்று அவளுடையது.

"நான் எங்க நின்னு ஒத்துக்கிட்டேன் வல்சலா? எந்தக் கூட்டத்துல? எனக்கு ஞாபகம் இல்ல. நீதானே எழுதி வச்சிருக்க, சொல்லு."

 பிரிஜேஷ் பார்க்காமல் போட்டுவிட்டான், எடுக்கச் சொல்கிறேன் என்று என்னவோ சொன்னாள் வல்சலா.

"மங்கலாபுரத்துலேர்ந்து ஷிம்னா போன் பண்ணினா" என்றாள் கௌசு. "'அம்மா, நீ என்ன தப்பு பண்ணே'ன்னு கேக்கறா. இத்தனை வருஷம் அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. வளர்ற பிள்ளைக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அவளுக்கு விவரம் தெரிஞ்சப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பா. இப்ப சொன்னா, எழுதி வச்சதைத்தானே நம்புவா. படிச்ச பிள்ளை."

ஷிம்னா ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவள் வரும்போது இது சுவரில் தொங்கக் கூடாது. தொங்கவில்லை என்றால் மட்டும் போதாது, புத்தகத்திலும் இருக்கக் கூடாது. இதுதான் கௌசு கேட்க வந்தது. பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்றாள் வல்சலா. அந்த நேரத்துக்கு அவளுக்கு அவ்வளவுதான் புத்தி ஓடியது.

"கிழிச்சா நான் கிழிச்சேம்பாங்க. வேணாம். நீ எழுதினதுக்குக் கீழ, உன் கையாலேயே, இது பொய்ன்னு எழுது."

போகத் திரும்பியவள் நின்று, புத்தக அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இந்த லைப்ரரி வேலை உனக்கு எப்பக் கிடைச்சது?"

"தொண்ணூத்திரண்டுல."

"ம்" என்றாள் கௌசு. அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த 'ம்'மை வல்சலாவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தொண்ணூற்றொன்றில் போட்ட கையெழுத்தையும் தொண்ணூற்றிரண்டில் கிடைத்த வேலையையும் அவள் இதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை. அல்லது சேர்த்துப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே சாயாக்கடையில் வடை பொரிகிற எண்ணெய் வாடை மாடிக்கு ஏறிவந்தது.

நடந்தது இதுதான். தொண்ணூற்றொன்று ஜூலையில் கௌசு பீடிக் கம்பெனி வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கக் கட்சி ஆபீஸுக்குப் போனாள். செயலாளர் சாத்துக்குட்டி மட்டும் இருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவு சாத்திக் கிடந்தது. கால் மணி நேரம் கழித்து அவர் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். துண்டில் ரத்தம். சாயாக்கடையில் இருந்தவர்கள் என்ன என்று பதறியபோது, நாய் கடித்துவிட்டது என்றார். அந்த நேரத்துக்கு வாயில் வந்த பொய். ஆனால் பொய் சொன்னது தலைவர் அல்லவா? ஜீப் வந்தது, தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், அந்தக் காலத்து வழக்கப்படி தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நாய் கடிக்கவில்லை என்று ஐந்தாவது ஊசியிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினான்கையும் போட்டுக்கொண்டார். நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது, ஒரு மனுஷன் தன் பொய்க்கு இவ்வளவு விசுவாசமாக இருக்க முடியுமா என்று.

தலைவரை நாய் கடித்தால் கட்சி சும்மா இருக்குமா? அவசரக் கூட்டம், தீர்மானம், பஞ்சாயத்து ஆபீஸை நோக்கிப் பேரணி. கட்டுப் போட்ட கையை உயர்த்திக்கொண்டு சாத்துக்குட்டி முன்னால் நடந்தார். பெண்கள் வரிசையின் முதல் ஆளாக நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டவள் வல்சலா. இரண்டு வாரத்தில் பதினேழு நாய்களை அடித்துக் கொன்றார்கள். பதினேழு என்ற எண் மினிட்ஸில் இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் கௌசுவின் புகார் மேல் கமிட்டிக்குப் போயிற்று. அவள் போலீசுக்குப் போகவில்லை. கட்சிக் குடும்பத்துப் பெண் அப்படிப் போக மாட்டாள். கட்சிக்கு எழுதினாள், கட்சி நியாயம் செய்யும் என்று நம்பினாள். வல்சலாவுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது இந்த நம்பிக்கையை நினைக்கும்போதுதான். அருவருப்பு கௌசுவின் மேல் அல்ல. அந்த நம்பிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு போய் இவர்கள் செய்த காரியத்தின் மேல்.

விசாரணைக் குழுவில் இரண்டு பேர். மூத்தவர் என்று குஞ்ஞம்பு, பெண் என்று வல்சலா. கௌசுவின் வீட்டு முன்திண்ணையான கோலாயில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். கௌசு அழவில்லை, தலை குனியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடைசியில், எந்த நாய் என்று ஊரெல்லாம் தேடுகிறீர்களே, அது நான்தான் என்றாள். திரும்பி வருகிற வழியில், ஓடைப் பாலத்தருகே குஞ்ஞம்பு ஓரமாக ஒதுங்கி மூத்திரம் பெய்துவிட்டு வந்து, வேட்டியைச் சரிசெய்தபடி, இது மாற்றுக் கட்சிக்காரன் கையில் கிடைத்தால் நாம் முடிந்தோம், ஆதாரமில்லை என்று எழுதிவிடு என்றார். வல்சலா எழுதினாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொய்ப் புகார் கொடுத்ததற்காகக் கௌசுவைக் கட்சியிலிருந்தே நீக்க வேண்டும் என்று மேலே பேச்சு வந்தது. தவறை ஒத்துக்கொண்டால் ஆறு மாத இடைநீக்கத்தோடு போய்விடும், பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கட்சி முறை அது. கௌசு ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று வல்சலாவுக்குத் தெரியும். அதனால் அவளிடம் கேட்காமலேயே அந்த வரியை எழுதினாள். கௌசு உணர்ந்தார், சுயவிமர்சனம் செய்துகொண்டார். எழுதிவிட்டு, தோழியைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு சின்ன நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றாள்.  கௌசு திரும்பி வரவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவளுடைய அப்பா செத்தார். நெடும்பாறையில் ஒரு சாவு விழுந்தால் சிதைக்கு மாமரம் வெட்டவும், தார்ப்பாய் கட்டவும், நாற்காலி கொண்டுவரவும் கட்சிப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அன்றைக்கு ஒருவனும் வரவில்லை. போகாதே என்று யாரும் சொன்னதாகக் குறிப்பு எதிலும் இல்லை. கௌசுவும் அவள் தம்பியும் ஈர மரத்தை வெட்டி அடுக்கினார்கள். புகை சாயங்காலம் வரை ஊர்மேல் நின்றது. வல்சலா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இதெல்லாம் மறந்துபோயிருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். மலரின் ஒன்பதாவது அத்தியாயம் 'தெருநாய் ஒழிப்புப் போராட்டம், 1991'. நாலு பக்கம். போன மாதம் வல்சலாவே எழுதியது. கட்டுப் போட்ட கையோடு சாத்துக்குட்டி நடக்கிற படமும் உண்டு. அதற்குக் கீழே 'மக்களின் துயரத்தைத் தன் உடலிலேயே ஏற்ற தலைவர்' என்று எழுதியிருந்தாள். எழுதும்போது நல்ல வாக்கியமாக வந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது. அச்சான பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தபோது, தன் தட்டில் தானே துப்பித் தானே தின்றது போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் மண்டபத்துக்குப் போனாள். பெயிண்ட் வாடையும் சிமெண்ட் வாடையும். மேடைக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுப் பிளெக்ஸ்களும் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆகஸ்ட் நாலாம் தேதிப் பக்கம் நாலாவதாக இருந்தது. அவளுடைய எழுத்து ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு நின்றது. மூலையில் ஒரு நாயின் கார்ட்டூன் வேறு வரைந்திருந்தார்கள், நாக்கைத் தொங்கப்போட்டபடி.

பிரிஜேஷ் பொறுமையாகத்தான் கேட்டான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும் என்றால் பாதி ராத்திரியில் ஆள் பிடிக்கிறவன். அவள் சொல்லி முடித்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, அங்கீகரித்த மினிட்ஸைத் திருத்த முடியாது, கட்சி முறை தெரியாதவரா நீங்கள் என்றான். போன வாரம் பதினொரு வயசுப் பையனைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தோமே என்றாள் வல்சலா.

"அது சேர்த்தது சேச்சி. இது திருத்தறது."

"கையில இருந்தது பல்லுத்தடம் பிரிஜேஷ். மனுஷப் பல்லு. நான் பார்த்தேன்."

பிரிஜேஷ் அக்கம்பக்கம் பார்த்தான். மைக்காரன் தூரத்தில் இருந்தான். குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஆறுதல் சொல்கிறவன் போலச் சொன்னான்: "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சேச்சி. எங்கம்மாவே சொல்லியிருக்காங்க. தெரிஞ்சதை எதுக்கு எழுதிக்கிட்டு?"

 வல்சலாவும் குஞ்ஞம்புவும் மட்டும் தூக்கிச் சுமப்பதாக முப்பத்து மூன்று வருடம் நினைத்திருந்த ரகசியம், ஊரில் எல்லா வீட்டு அடுப்படியிலும் புழங்கியிருக்கிறது. தெரிந்துகொண்டேதான் மாலை போட்டார்கள். தெரிந்துகொண்டேதான் பெயர் வைத்தார்கள். சாத்துக்குட்டி செத்தபோது பிணத்தின் கையில் அந்தத் தழும்பு தெரியும்படி வைத்து, போராட்டத் தழும்பு என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வல்சலா வீட்டுக்கு வந்து வாயை மூன்று முறை கொப்பளித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கமிட்டிக் கூட்டம். பழைய ஆபீஸில் நடக்கிற கடைசிக் கூட்டம். பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். குஞ்ஞம்புவுக்கு எண்பத்தொரு வயது. வயது வரம்பு தாண்டிவிட்டாலும் மரியாதைக்கு அழைத்து, ஜன்னலோரம் கை வைத்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள். பால் விடாத கட்டஞ்சாயாவும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வந்தன. வல்சலா வழக்கம்போல எழுந்து போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தாள். பந்தல், தொண்டர் சீருடை, வரவேற்புக்கு யார் யார்.

"திருத்தம் உண்டா?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டான் பிரிஜேஷ். கேட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போகத் தொடங்கினான்.

"உண்டு" என்றாள் வல்சலா.

துணிப்பையிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்தாள். கரையான் ஓரம் அரித்திருந்தது. நாலாவது பொருளை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

"இந்த வரி பொய். எழுதினது நான். கௌசு எதையும் ஒத்துக்கல, அவகிட்ட யாரும் கேக்கவும் இல்ல. தோழர் சாத்துக்குட்டியைக் கடிச்சது நாய் இல்ல. இதைத் திருத்தணும். அந்த போர்டு செவுத்துல ஏறக் கூடாது."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் ஏதோ சபையில் வாய்தவறி ஏப்பம் விட்டுவிட்டது போலப் பார்த்தார்கள். மகளிர் அணியின் ரமணி தன் புடவை நுனியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர், செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதே என்றார். இன்னொருவர், மூணு நாளில் விழா, எதிரிகள் யாராவது உங்களைத் தூண்டிவிட்டார்களா என்று கேட்டார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் கௌசுவின் கோலாயில் உட்கார்ந்து அவளும் குஞ்ஞம்புவும் கேட்ட கேள்வியும் அதுதான். வல்சலா குஞ்ஞம்புவின் பக்கம் திரும்பினாள்.

"குஞ்ஞம்பேட்டா, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சொல்லுங்க."

குஞ்ஞம்பு பழம்பொரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மென்றார். மென்று விழுங்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. வயசாச்சு" என்றார். அடுத்த துண்டைப் பிட்டார்.

பிரிஜேஷ் ஓட்டெடுப்புக்கு விட்டான். திருத்தத்துக்கு ஆதரவாக ஒரு கை உயர்ந்தது, அது அவளுடையது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல இறக்கினாள். பிரிஜேஷ் தொண்டையைச் செருமினான். குரலில் கோபமே இல்லை.

"எழுதுங்க சேச்சி. தோழர் வல்சலா தன் தவறை உணர்ந்து திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்படி எழுதிட்டா இங்கயே முடிஞ்சிரும். இல்லன்னா மேல் கமிட்டிக்குப் போகும், விசாரணை வைப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிஜமாகவே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை அவள் பார்த்ததில்லை. அன்றைக்குச் சோறு தின்றபோது அவள் எதிரில் கண்ணாடி இல்லை.

"நான் உணரலையே பிரிஜேஷ்" என்றாள். பேனாவை நடப்பு மினிட்ஸ் புத்தகத்தின் நடுவில் வைத்து, பக்கத்தில் இருந்த ரமணியின் முன்னால் தள்ளிவிட்டாள்.

அந்தக் கமிட்டியில் வல்சலாவைத் தவிர வேறு யாரும் மினிட்ஸ் எழுதிப் பழக்கமில்லை. ரமணி புத்தகத்தைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள், தன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்றாள். அடுத்தவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அவர் சட்டைப் பையில் கண்ணாடி துருத்திக்கொண்டிருந்தது. அதற்கடுத்தவருக்குக் கட்டைவிரலில் வலி. செயலாளரே எழுதினால் முறையாக இருக்காது என்று பிரிஜேஷ் சொன்னான். புத்தகம் மேஜையைச் சுற்றி ஒருவர் மாற்றி ஒருவராக நகர்ந்தது. அன்றைய தேதியும் வந்தவர்கள் பெயரும் அவளுடைய உருண்டை எழுத்தில் இருந்தன, அதற்குக் கீழே வெறும் கோடுகள். தவறை உணர்ந்தார் என்று வாயால் சொல்ல அத்தனை பேருக்கும் சம்மதம். கையால் எழுதத்தான் ஆள் இல்லை. புத்தகம் கடைசியில் ஜன்னலோரம் குஞ்ஞம்புவின் முன்னால் வந்து நின்றது. அவருக்கு அப்பால் தள்ள ஆள் இல்லை.

குஞ்ஞம்பு எண்ணெய் விரல்களை வேட்டியில் துடைத்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கொண்டாங்க, ஒரு வரிதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் என்று முணுமுணுத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். பிரிஜேஷ் மறுபடியும் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தான். கிழவர் கையமர்த்தினார், எனக்குத் தெரியும் என்பது போல. குனிந்து எழுத ஆரம்பித்தார்.  எங்கும் நிற்காமல், யோசிக்காமல், பல தடவை எழுதிப் பழகினவர் போல ஒரே ஓட்டமாக எழுதினார்.

வல்சலா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலைகீழாக இருக்கிற எழுத்தையும் வாசித்துப் பழகிய கண் அவளுக்கு. முதலில் 'தோழர்' என்று வந்தது. அடுத்த சொல் வந்தபோது அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

தோழர் கௌசல்யா தன் தவறை உணர்ந்து சுயவிமர்சனம்.

கிழவர் அங்கே நிறுத்தினார். எழுதியதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஞாபகம் இல்லை என்று சொன்ன வாய் லேசாகத் திறந்து கிடந்தது. பிறகு பேனாவைக் கீழே வைக்காமலேயே இடது கையை எடுத்து அந்த வரியின் மேல் வைத்து மூடிக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான் பிரிஜேஷ்.  பக்கத்து மண்டபத்தில் மைக்காரன் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வல்சலா எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் அருகில் நின்றாள். ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்பதற்கு நிற்பது போலவே நின்றாள்.

"கையை எடுங்க குஞ்ஞம்பேட்டா" என்றாள். "வாசிக்கணும்."

அவர் எடுக்கவில்லை. விரல்களைச் சுற்றித் தாளில் எண்ணெய்க் கறை மெல்லப் பரவியது.